சிக்னலா, ரவுண்டானாவா, போலீஸ்காரர் கையா: வேலூர் கூட்ரோடுகளுக்கு எது சரிப்படும்?

நான் பார்த்தவரை, போக்குவரத்து நெரிசலைப் பற்றி நம் ஊரில் யார் மனு எழுதினாலும் அது கடைசியில் ஒரே வரியில் வந்து நிற்கும்: "மேற்படி சந்திப்பில் தானியங்கி சிக்னல் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." கீழே வரிசையாகக் கையெழுத்துகள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சிக்னல் வந்தால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று நாமாகவே நம்பிக்கொள்கிறோம். போலீஸ்காரர் அங்கே நிற்பது, விளக்கு வரும்வரை செய்துவைத்த தற்காலிக ஏற்பாடு என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேலூரில் சில இடங்களுக்கு விளக்கு வேண்டும், சில இடங்களுக்கு ஆள்தான் வேண்டும், இன்னும் சில இடங்களில் இரண்டுமே வீண், நடுவில் தடுப்பைப் போட்டு மூடினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். எது எங்கே என்று முடிவு செய்வதற்கு முன்னால், இந்த வேலை போலீஸ் கைக்கு எப்படி வந்தது, அங்கிருந்து விளக்குக்கு எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

வண்டிகளை ஒழுங்குபடுத்த நடுச்சாலையில் ஆளை நிறுத்துவது மோட்டார் வாகனங்களுக்கு வெகுகாலம் முந்தியது. 1722ல் லண்டன் பாலத்தில் குதிரை வண்டி நெரிசல் தாங்க முடியாமல் நகர மேயர் மூன்று பேரை நியமித்தார். நகருக்குள் வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் அவரவர் இடப்பக்கமாகவே போகிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அப்போது லண்டனில் இன்றைக்கு நாம் சொல்லும் போலீஸ் படையே கிடையாது, அது 1829ல்தான் வந்தது. அப்புறம் 1860களில் நியூயார்க் பிராட்வே வீதியில் உயரமான காவலர்களாகப் பொறுக்கி எடுத்து ஒரு தனி அணி வைத்தார்கள். வண்டிகளை வேகமாக அனுப்புவது அவர்களுடைய முதல் கவலை இல்லை. குதிரை வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் பாதசாரிகளைக் கைபிடித்து எதிர்ப்பக்கம் சேர்ப்பதுதான் முக்கிய வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சி.எம்.சி. மருத்துவமனை வாசலுக்கு வரும்போது தேவைப்படும்.

விளக்கு வந்த கதை இன்னும் சுவாரசியமானது. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஜே.பி. நைட் என்ற ரயில்வே பொறியாளர் ஒரு கம்பம் நட்டார். பகலில் ரயில் கைகாட்டி மாதிரி அதன் கைகள் ஏறி இறங்கும், இரவில் எரிவாயு விளக்கு சிவப்பும் பச்சையும் காட்டும். அதை இயக்குவதற்குக் கம்பத்தடியில் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த காவலர் படுகாயம் அடைந்தார். அதோடு அந்த யோசனை பல ஆண்டுகள் கிடப்பில் போனது.

மறுபடி அதைக் கையில் எடுத்தவர்களும் போலீஸ்காரர்கள்தான். 1912ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் லெஸ்டர் வயர் என்ற காவலர் ஒரு மரப்பெட்டியில் சிவப்பு, பச்சை மின்விளக்குகளைப் பொருத்திக் கம்பத்தில் ஏற்றினார். சுவிட்சைப் போட ஆள் வேண்டும், ஆனால் அவர் நடுச்சாலையில் நிற்க வேண்டியதில்லை. 1914ல் கிளீவ்லாந்தில் வந்த மின் சிக்னலையும் ஓரத்துச் சாவடியில் உட்கார்ந்த போலீஸ்காரர்தான் மாற்றினார். மஞ்சள் விளக்கைச் சேர்த்து, நான்கு பக்கமும் தெரியும்படி மூன்று நிற சிக்னலை 1920ல் டெட்ராய்டில் செய்தவர் வில்லியம் பாட்ஸ், அவரும் போலீஸ்தான். அதே 1920ல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் கோபுரம் கட்டி மேலே காவலரை உட்காரவைத்தார்கள். பெர்லினில் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் கோபுரம் 1924ல் வந்தது. ஆள் இல்லாமல் தானாக மாறும் சிக்னல் பிரிட்டனுக்கு 1927ல்தான் வந்தது, வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரில்.

ஆக, நின்று நின்று கால் கடுத்தவர்கள் தங்கள் கையை நீட்டிக்கொள்ளச் செய்துகொண்ட கருவிதான் சிக்னல். எந்தப் பக்கத்தை எப்போது விடுவது என்ற முடிவு வெகுநாள் மனிதரிடமே இருந்தது. அந்த முடிவையும் கடிகாரத்திடம் கொடுத்தபோதுதான் லாபமும் வந்தது, நஷ்டமும் வந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஐடா ஸ்கடர் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள், பழையவர்களுக்கு அது இன்னும் ஆற்காடு ரோடுதான். ஒரு பக்கம் சி.எம்.சி., எதிரிலும் சந்துகளிலும் லாட்ஜ், மருந்துக்கடை, வங்காளச் சாப்பாட்டுக் கடை. 2022ல் விபத்து சிகிச்சைப் பிரிவு ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போன பிறகும் இங்கே கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, நோயாளியை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் ஆளாக நின்று ரோட்டைக் கடக்கப் பார்ப்பார்கள். நடுவே சக்கர நாற்காலி, ஆட்டோ, டவுன் பஸ், அதற்குப் பின்னால் ஒலி எழுப்பிக்கொண்டு ஆம்புலன்ஸ். இங்கே ஒரு நிமிடம் இருப்பது போல அடுத்த நிமிடம் இருக்காது. கடிகாரம் வைத்து ஓட்டுகிற விளக்கு இந்த இடத்துக்குத் தோதுப்படாது என்பது என் துணிபு. 40 விநாடி பச்சை என்று எழுதி வைத்திருந்தால், கைத்தடி ஊன்றிய பெரியவர் பாதி தூரம் வந்திருக்கும்போதும் அது பச்சையாகவே மாறும்.

ஆள் நின்றால் கதை வேறு. உள்ளங்கை தெரிய வலக்கை உயர்ந்தால் முன்னால் வருகிற வண்டி நிற்க வேண்டும், கை பக்கவாட்டில் நீண்டால் பின்னால் வருவது நிற்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து நேற்று இறங்கியவருக்கும் தெரியும். பிராட்வே அணி செய்த அதே வேலைதான், இடம்தான் வேறு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட மறுநொடி மூன்று பக்கத்தையும் நிறுத்திவிட்டு ஒரு பக்கத்தைத் திறக்க அவரால் முடியும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று அடுக்கிக்கொண்டே போய், 'அதிகாரமில்லாப் போலீஸ்' என்பதையும் சேர்ப்பார்கள். பயிற்சியில் இருக்கும் காவலர்களை வைத்து வந்த பேச்சு அது என்பார்கள் பெரியவர்கள். மதராஸ் மாகாணத்தின் போலீஸ் பயிற்சிப் பள்ளி 1896ல் வேலூரில்தானே தொடங்கியது. (சாமியில்லாக் கோயில் 1981லேயே சரியாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார்.) ஆனால் நடுச்சாலையில் நிற்கிற போலீஸுக்கு அதிகாரம் நிறையவே உண்டு. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ம் பிரிவு, மின் சிக்னலுக்கு அடங்குவதைப் போலவே அங்கே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் கட்டளைக்கும் ஓட்டுநர் அடங்க வேண்டும் என்கிறது. இரண்டும் முரண்பட்டால்? 1968ன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதில் தெளிவாக இருக்கிறது: மனிதரின் சைகைதான் விளக்கைவிட மேல். சிவப்பு எரியும்போது அவர் "வா, வா" என்றால் போக வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். காலை ஏழு முதல் இரவு பத்து வரை என்றால் 15 மணி நேரம், இரண்டு ஷிப்ட். நான்கு சாலை கூடுகிற இடத்துக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேராவது வேண்டும். வார ஓய்வு, லீவு எல்லாம் கணக்கில் சேர்த்தால் ஒரு கூட்ரோட்டுக்கு ஐந்து பேர் ஆகிறது. இருக்கிற ஊர்க்காவல் படையினரைச் சேர்த்தாலும் நகரத்தின் எல்லா முனைக்கும் அப்படி ஆள் போட முடியாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. தார் மேல் நின்று புகையைக் குடிக்கிற மனிதருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் கவனமாக நிற்கச் சொல்வது நியாயமும் இல்லை. இன்னொரு குறை, அவர் கண்ணுக்குத் தெரிகிற வரிசையைத்தான் தீர்ப்பார். ஒரு பக்கத்தின் வால் முடியும்வரை விட்டுக்கொண்டே இருப்பார், அந்தக் கூட்டம் மொத்தமாகப் போய் அடுத்த சந்திப்பில் அடைத்துக்கொள்ளும். அங்கே நிற்கிற காவலருக்கும் இங்கே இருப்பவருக்கும் நடுவில் வாக்கிடாக்கி இருந்தாலும், நடைமுறையில் அவரவர் வரிசைதான் அவரவர் கவலை.

அடுத்து, எல்லோரும் கேட்கிற தானியங்கி சிக்னல். இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் பல மாயைகள் கலையும். நான்கு சாலைக்கும் தனித்தனியாகப் பச்சை விட்டால், ஒவ்வொரு மாற்றத்திலும் முதல் வண்டி கிளம்புகிற தயக்கம், மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கிற இடைவெளி என்று சுமார் 4 விநாடி யாருக்கும் பயன்படாமல் போகும். நான்குக்கும் சேர்த்து 16 விநாடி. ஒரு முழுச் சுற்று எத்தனை விநாடி இருந்தால் காத்திருப்பு குறைவாக இருக்கும் என்பதற்கு வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958ல் ஒரு சூத்திரம் தந்தார், இன்றும் பொறியியல் கல்லூரிகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5ஐக் கூட்ட வேண்டும். சந்திப்பின் கொள்ளளவை ஒன்று என்று வைத்து, வருகிற வண்டிகளின் பங்கை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது எவ்வளவோ, அதால் வகுக்க வேண்டும். கொள்ளளவில் 70 சதவீதம் வண்டி வந்தால் சுற்று ஏறக்குறைய 97 விநாடி. 80 சதவீதம் வந்தால் 145. 90 சதவீதம் ஆனால் 290 விநாடி, கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்! நம் ஊரில் பைக்கில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் யார்? ஆகவே அளவு மீறி நிறைந்துவிட்ட சந்திப்பில் சிக்னல் வைப்பது நெரிசலைத் தீர்க்காது, நெரிசலுக்கு டைம்டேபிள்தான் போட்டுத் தரும்.

அதிலும் அந்தச் சூத்திரம் வண்டிகள் தடையின்றி வெளியேறும் என்று நம்பி எழுதப்பட்டது. நம் ஷேர் ஆட்டோ சிக்னலைத் தாண்டின பத்தாவது அடியில் நின்று ஆள் ஏற்றும். பச்சை எரிந்தும் பின்னால் இருப்பவர்கள் நகர முடியாது. ஃப்ரீ லெஃப்ட் என்று போர்டு இருக்கிற இடத்தில் நேராகப் போகிறவர் வந்து அடைத்து நிற்பார். சிக்னல் கேட்கிற மனுவில் "சந்திப்பிலிருந்து 50 மீட்டருக்குள் ஆட்டோ, பஸ் நிற்கக் கூடாது" என்ற வரியும் இல்லை என்றால் அந்த மனு பாதி மனுதான்.

ஆனால் ஒரே மாதிரி மறுபடி மறுபடி வருகிற ஓட்டத்துக்கு விளக்கைப் போலச் சிக்கனமானது வேறில்லை. காட்பாடி சாலை அப்படி. காலையில் பள்ளி, கல்லூரி, வி.ஐ.டி., ரயில் பிடிக்கப் போகிறவர்கள், மாலையில் அதே கூட்டம் திரும்பி வரும். நாளைக்கு எட்டரை மணிக்கு என்ன வரும் என்பது இன்றைக்கே தெரியும். சித்தூர் பஸ் நிறுத்தம், விருதம்பட்டு மாதிரி இடங்களில் காலைக்கு ஒரு நேர அட்டவணை, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மூன்றை எழுதிப்போட்டாலே நன்றாக ஓடும். பக்கத்துப் பக்கத்து சிக்னல்களை ஒத்திசைத்தால் இன்னும் நல்லது. போலீஸ்காரர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சந்திப்போடு விநாடிக் கணக்கில் கைகோர்க்க அவரால் முடியாது.

இங்கே ஒரு சின்ன விலகல். வண்டி வந்திருப்பதைத் தானே உணர்ந்து மாறுகிற சிக்னலை 1928ல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் வைத்தார். பக்கச் சாலையில் வருகிறவர் கம்பத்திலிருக்கும் மைக்குக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும், அடித்தால் பச்சை வரும். 2020ல் மும்பை போலீஸ் நேர்மாறாக ஒன்றைச் செய்து காட்டியது: சிவப்பில் நிற்கும்போது ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு முதலிலிருந்து மறுபடி தொடங்கும். நம் ஊருக்கு இரண்டில் எது என்று நான் சொல்லவே வேண்டாம்.

இன்றைய கேமரா சிக்னல்கள் அந்த பால்டிமோர் மைக்கின் வாரிசுகள்தான். வரிசை நீளத்தைப் பார்த்துப் பச்சையைக் கூட்டிக் குறைக்கும். வேலூர் 2016ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்ததிலிருந்து இதன் மேல் பலருக்கும் ஆசை. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பராமரிக்க ஆளும் ஒப்பந்தமும் இல்லாமல் வாங்கினால், இரண்டாவது வருஷம் அது மஞ்சளில் சிமிட்டிக்கொண்டிருக்கும். வேறு நாடுகளில் தாருக்கு அடியில் கம்பிச்சுருள் புதைத்து வண்டியை எண்ணுவார்கள். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மாறி மாறித் தோண்டுகிற சாலையில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கேமராதான் வழி.

ரவுண்டானாவுக்கு வருவோம். நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905லேயே வண்டிகளை ஒரே திசையில் சுற்றவிட்டார்கள். ஆனால் அது உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது 1966ல், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வெளியிலிருந்து வருகிறவர் வழிவிட வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்ட பிறகுதான். அந்த விதி இருந்தால் ரவுண்டானா அருமையான ஏற்பாடு. சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைப் பாதை ரவுண்டானாவில் 8. மோதினாலும் வேகம் குறைவு. மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

அந்த விதி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க கிரீன் சர்க்கிளுக்குப் போனால் போதும். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், காட்பாடி சாலை வந்து சேர்கிற இடம். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் மூக்கை நீட்டுவார்கள், சுற்றுகிறவர் நிற்பார், அவர் நின்றால் அவருக்குப் பின்னால் வெளியேற வேண்டியவரும் நிற்பார். வட்டம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். சாலை அமைப்புக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 1976லேயே எழுதி வைத்தது: எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்குச் சுமார் 3,000 வாகனங்கள்தான் ஒரு ரவுண்டானாவின் எல்லை. அதற்கு மேல் போனால் வேறு வழி பார்க்க வேண்டும். புதிய பேருந்து நிலையம் 2022ல் திறந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு அங்கே பத்து நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள், எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, கோயம்புத்தூர் வழி. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போலீஸ் பல சந்திப்புகளில் சிக்னலையே அணைத்துவிட்டு, நடுத்தடுப்பை மூடி, கொஞ்சம் தள்ளி யு டர்ன் விட்டார்கள். சில இடங்களில் சின்ன ரவுண்டானா வைத்தார்கள். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வலப்பக்கத் திருப்பத்தை எடுத்துவிட்டால் தனித்தனியாக விடும் நான்கு பச்சை இரண்டாகிறது, வீணாகும் 16 விநாடி 8 ஆகிறது. 80 சதவீதம் நிறைந்த சாலையில் 145 விநாடிச் சுற்று 85க்கு வந்துவிடும். முழுதாக மூடிவிட்டால் சுற்றே கிடையாது. செலவு நான்கு கான்கிரீட் தடுப்பு. ஆற்காடு சாலையில் சத்துவாச்சாரிப் பக்கமும், அகலம் இருக்கிற மற்ற இடங்களிலும் இதை முதலில் பார்க்கலாம். குறை என்னவென்றால், வண்டி நிற்காத சாலையில் நடப்பவருக்கு இடைவெளியே கிடைக்காது. பஸ்ஸும் லாரியும் திரும்ப அகலம் வேண்டும். எதிர்த்திசையில் 'சும்மா ஒரு நிமிஷம்' என்று வருகிற பைக்குகளும் கூடும். ஆகவே மருத்துவமனைப் பக்கம், பள்ளி வாசல், பழைய பஸ் நிலையம் இவற்றுக்கு இது ஆகாது.

லாங்கு பஜார், மண்டித் தெரு பற்றிக் கேட்பீர்கள். அங்கே பிரச்சினை சந்திப்பே இல்லை, தெருவுக்குள் நிற்கிற சரக்கு வண்டி. இறக்கி ஏற்றுவதற்கு நேரம் குறித்து அதைக் கடைப்பிடிக்க வைக்காமல் எதை வைத்தும் பலனில்லை.

என்னிடம் முடிவெடுக்கச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன். ஐடா ஸ்கடர் சாலைக்கும் பழைய பஸ் நிலைய வாசலுக்கும் காலை முதல் இரவு வரை ஆள்தான், நிழற்குடையோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி. காட்பாடி சாலைக்கு நேர அட்டவணை போட்ட, ஒத்திசைத்த சிக்னல். அங்கே நிற்கிற காவலரை எடுத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போடலாம், ஐந்து பேர் கணக்குக்கு அதுதான் விடை. கிரீன் சர்க்கிளில் வட்டம் இருக்கட்டும், ஆனால் உள்ளே நுழையும் ஒவ்வொரு வாயிலிலும் நெரிசல் நேரத்தில் ஒரு காவலர் நின்று நிறுத்தி நிறுத்தி விட வேண்டும். வட்டத்தின் நடுவில் நின்று விசில் ஊதுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அகலமான சாலைகளில் நடுத்தடுப்பும் யு டர்னும், மூன்று மாதம் தற்காலிகப் பேரிகாட் வைத்துப் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் கான்கிரீட்.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கூட்ரோட்டில் காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் கால் மணிக்கு ஒருமுறை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணி எழுதுங்கள். பைக், ஆட்டோ, பஸ், லாரி தனித்தனியாக. கடக்கிற மனிதர்களையும் எண்ணுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சாதாரண நாள், ஒரு முகூர்த்த நாள் போதும். அந்தத் தாளை மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு முகவரியிட்டு மனுவோடு இணையுங்கள், நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, போலீஸ் மூவரும் உட்காருகிற இடம் அதுதான். சிக்னல்தான் வேண்டும் என்று முடிவானால், இரவு பத்து மணிக்கு மேல் மஞ்சளை மட்டும் விட்டு விட்டு எரிய விடும்படியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.